மூன்றாம் ஓலைக்கு முன்னால்

பாப்பா,

நான் நல்லா இருக்கேன், நீ நல்லா இருக்கியான்னு ஆரம்பிச்சு எழுதிப் பாத்தேன். அடிச்சுட்டேன். நான் நல்லா இல்ல. போன ஞாயித்துக்கிழமை பூசையில உன் கல்யாணத்துக்கு ரெண்டாவது ஓலை வாசிச்சாங்க. இன்னார் மகளை இன்னார் மகன் கட்டிக்கப் போறார், இதுக்குத் தடை ஏதாவது தெரிஞ்சவங்க பங்குச் சாமியார்கிட்ட வந்து தெரிவிக்கணும்னு மைக்ல சொல்றப்ப, பக்கத்துல உக்காந்திருந்த என் பழைய ஷிப்ட் கூட்டாளி தொடையில தட்டிச் சிரிச்சார். நானும் சிரிச்சேன். உள்ளங்கை வேர்த்து பாட்டுப் புஸ்தகத்து அட்டை நனைஞ்சு போச்சு. தடை தெரிஞ்ச ஆள் அந்தக் கோயில்ல ஒருத்தன்தான் இருந்தான், அவன் பொண்ணைப் பெத்தவன். வர்ற ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலை, அதோட கடைசி. அதுக்குள்ள இதை உன்கிட்ட சொல்லிடணும்.

போன்ல சொல்லியிருக்கலாம். நீ சென்னைக்குப் போனதுலேர்ந்து தினம் ஏழு மணிக்குப் பேசறோம், நேரமா இல்ல. ஆனா போன்ல என் தொண்டை கம்மும், நீ உடனே "சரிப்பா, நீங்க சொல்ற மாதிரியே செய்யறேன்"ம்பே. அந்த "சரிப்பா" எனக்கு வேண்டாம். குரலை வெச்சு ஆளைச் சாய்க்கறதுல நான் பழம் தின்னு கொட்டை போட்டவன். காகிதம்னா நீ மடிச்சு வெச்சுட்டு ஒரு டீ குடிக்கலாம், கோவம் வந்தா கிழிச்சுப் போடலாம், ரெண்டு நாள் கழிச்சு என்னை நாலு திட்டு திட்டலாம். எது செஞ்சாலும் அது நீயா செஞ்சதா இருக்கும்.

உனக்கு ஞாபகம் இருக்கான்னு தெரியல. நீ பதினொண்ணாவது படிக்கறப்ப ஒரு சாயங்காலம் ஸ்டேடியத்துலேர்ந்து அந்த வெள்ளை ஜூடோ டிரஸ்ஸோடவே குவார்ட்டர்ஸுக்கு வந்தே. அன்னைக்கு மாஸ்டர் சொல்லிக் கொடுத்ததை யார் மேலயாவது செஞ்சு காட்டணும் உனக்கு. "அப்பா, எந்திரிங்க, என்னைத் தள்ளுங்க"ன்னே. நான் எண்பத்திரண்டு கிலோ, நீ நாப்பத்தெட்டு. சரி குழந்தை ஆசைப்படுதுன்னு சட்டைக் காலரையும் கையையும் உன்கிட்டக் குடுத்துட்டு லேசாத் தள்ளினேன். நீ எதிர்த்துத் தள்ளல. நான் தள்ளின பக்கமே ஒரு எட்டு பின்னால போனே, போறப்ப என் சட்டைக் கையை ஒரு விரற்கடை இழுத்தே. அவ்வளவுதான், என் குதிகால் ரெண்டும் தரையில இல்ல. விழாம இருக்க அடுத்த காலை ஊனப் போனேன், அது தரையைத் தொடற நேரத்துல உன் பாதம் வந்து கணுக்காலை ஒரு தள்ளு தள்ளுச்சு. நான் ஹால்ல உக்காந்திருக்கேன். கடைசி வரைக்கும் நீ சட்டைக் கையை விடல, அதனால அடி படல.

"பாத்தீங்களா, நான் ஒண்ணுமே செய்யல"ன்னே. "இதுக்குப் பேரு குசுஷிப்பா. தூக்கி எறியறதெல்லாம் அப்புறம். முதல்ல ஆள் தன் கால் மேல தானே இல்லாம போகணும். அதுக்குப் பலமே தேவையில்ல. அவங்க போற பக்கமே ஒரு இம்மி கூடக் கூட்டிக்கிட்டுப் போனா போதும். சுத்தமாச் செஞ்சா விழறவங்களுக்குத் தள்ளினதே தெரியாது, தானே தடுக்கி விழுந்துட்டோம்னு நினைப்பாங்க." சொல்லிட்டுக் குளிக்கப் போயிட்டே. உங்கம்மா பதறிக்கிட்டு வந்து "அடி பட்டுடுச்சாங்க"ன்னா. நான் சிரிச்சு மழுப்பினேன். நீ பாயில கத்துக்கிட்ட வித்தையை நான் யார்கிட்டயும் கத்துக்காமலே பல வருஷமா வீட்டுக்குள்ள செஞ்சுகிட்டிருந்தேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும். பத்து வருஷம் கமுக்கமா இருந்துட்டேன்.

இப்ப சொல்றேன். உனக்கு மூணு வயசு. உங்கம்மா பி.எட். முடிச்சிருந்தா, விருத்தாசலத்துல ஒரு ஸ்கூல்ல டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ வந்திருந்தது. பர்மனென்ட் போஸ்ட். நான் வெளியில ரொம்பப் பெருந்தன்மையான ஆள். "போயிட்டு வா, நான் என்ன தடுக்கவா போறேன், எனக்கு ரெண்டாவது ஷிப்ட்தானே, குழந்தையை நான் பாத்துக்கறேன்"னு அக்கம்பக்கத்து குவார்ட்டர்ஸ்காரங்க காதுல விழற மாதிரி சொன்னேன். உள்ளுக்குள்ள பயம். அவ தினம் பஸ் ஏறி, நாலு பேரோட பழகி, கையில சம்பளம் வாங்கினா, அப்புறம் நான் சொல்றதுக்கெல்லாம் ஏன் எதுக்குன்னு கேப்பாளேன்னு பயம். அன்னைக்குக் காலையில புடவை கட்டி, சர்டிபிகேட் ஃபைலை அக்குள்ல இடுக்கிக்கிட்டு வாசல்ல செருப்பு மாட்டறா. ஒரு கால் மாட்டியாச்சு, இன்னொரு கால் அந்தரத்துல இருக்கு. நீ பாயில தூங்கிகிட்டிருந்தே. நான் உன் நெத்தியில கையை வெச்சு, அவ பக்கம் திரும்பாமலே, "லேசா சுடுது"ன்னேன். "நீ போ, நான் பாத்துக்கறேன்"னும் சேத்துச் சொன்னேன். அவ திரும்பி வந்து உன் நெத்தியைத் தொட்டா. கொஞ்ச நேரம் கையை எடுக்கல. அப்புறம் ஃபைலை பீரோ மேல வெச்சுட்டு, "அடுத்த வருஷம் பாத்துக்கலாங்க"ன்னா.

உனக்கு ஜுரம் இல்ல, பாப்பா. நெத்தி ஜில்லுன்னுதான் இருந்தது.

நீ முதல் மெடல் வாங்கிட்டு வந்தப்ப உங்கம்மா சொன்னாளே, "அன்னைக்கு இவளுக்கு ஜுரம் மட்டும் வராம இருந்திருந்தா நானும் ஏதாவது ஆகியிருப்பேன்"னு. நீ முகம் சுண்டிப்போய் "என்னாலதானேம்மா"ன்னு கேட்டே. நான் பேப்பர் படிச்சுகிட்டிருந்தேன். அந்தப் பேப்பர்ல என்ன போட்டிருந்ததுன்னு இன்னிக்குக் கேட்டாலும் தெரியாது. ஒரு குழந்தை மேல பழியைப் போட்டுட்டு உக்காந்திருந்தவன் நான். மன்னிச்சுக்கோன்னு கேக்க எனக்கு வாய் வரல, ஆனா உன்னால இல்லங்கறது உனக்குத் தெரியணும்.

அந்த ஒரு நாளோட நின்னிருந்தா பரவாயில்ல. மைன்ஸ்ல நான் வேலை முழுக்கக் கன்வேயர் பெல்ட் பாத்தவன். பெல்ட் ஒரு பக்கமா ஒதுங்கி ஓடினா யாரும் பெல்ட்டைப் பிடிச்சு இழுக்க மாட்டாங்க. எங்கயோ ஒரு ரோலர் ஒரு நூல் சாஞ்சிருக்கும், அவ்வளவு பெரிய பெல்ட்டும் அது பின்னாலயே போயிடும். உங்கம்மாகிட்ட நான் அந்த ஒரு நூலைத்தான் தினம் வெச்சேன். பேங்க்ல உன் கையெழுத்து சரியா வராது, குடு நான் பாத்துக்கறேன். அந்த பஸ்ல கூட்டமா இருக்கும், இரு நான் வரேன். உங்க அண்ணன் வீட்டுக்குத் தாராளமாப் போயிட்டு வா, எனக்குச் சாப்பாடு கேன்டீன்ல கிடைக்கும், என்ன, வயித்துக்குத்தான் ஒத்துக்காது. ஒரு நாள் கை நீட்டினதில்ல, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. ஊருக்குள்ள தங்கமான மனுஷன்னு பேரு. அந்தப் பேரு வேற எனக்கு ஒரு பெருமை.

போன மாசம் உன் கல்யாணத்துக்கு அவளுக்குப் புடவை எடுக்க மந்தாரக்குப்பம் போனோம். கடைக்காரப் பொண்ணு ரெண்டு புடவையை விரிச்சுப் போட்டு, "உங்களுக்கு எது பிடிச்சிருக்கும்மா"ன்னு கேட்டுது. அவ புடவையைப் பாக்கல, என் முகத்தைப் பாத்தா. "உனக்குப் பிடிச்சதை எடு"ன்னேன். மறுபடி என் முகத்தைப் பாத்தா. நான் வேணும்னே தெருப்பக்கம் திரும்பிக்கிட்டேன். அவளுக்கு எதை எடுக்கறதுன்னு தெரியல, கண்ணெல்லாம் கலங்கிப் போச்சு. ஐம்பத்தஞ்சு வயசு பொம்பளை. எனக்கு அந்தக் கடையில நிக்கவே பயமா இருந்தது. வெளியில வந்து ஒரு சோடா குடிச்சேன்.

இப்ப உன் விஷயத்துக்கு வரேன். மாப்பிள்ளை நல்ல பையன். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, பெரியவங்களைக் கண்டா எழுந்து நிக்கறார். நிச்சயத்தன்னைக்கு ஜூடோவுக்காக உன் விரல்ல ஒட்டியிருந்த டேப்பை எல்லார் முன்னாலயும் ஒவ்வொண்ணா உரிச்சு, "கல்யாணப் பொண்ணு கையில இது எதுக்கு"ன்னு சொல்லி மருந்து தடவி விட்டாரே, உன் சித்தி கண்ணைத் துடைச்சுகிட்டா. நான் அவரோட விரலைப் பாத்துகிட்டிருந்தேன். அதுக்கப்புறம் நீ சனிக்கிழமை பிள்ளைங்களுக்கு எடுக்கற ஜூடோ கிளாஸ். "உன் இஷ்டம், ஆனா எனக்கு லீவு அன்னைக்கு மட்டும்தான்"னார்னு நீயே சொன்னே, சிரிச்சுகிட்டே சொன்னே. அடுத்த மாசம் கிளாஸ் இல்ல. இப்ப வடக்கே அந்த ஒரு வருஷ கோச்சிங் படிப்பு. எத்தனை பேர்ல உனக்கு இடம் கிடைச்சுது, போன்ல கத்தின கத்துல என் காது அடைச்சுது. பத்தே நாள்ல, "அடுத்த வருஷம் போறேன்ப்பா, அவங்கம்மாவுக்கு அடிக்கடி மயக்கம் வருதாம், அவர் போகாதேன்னு சொல்லல, போன்னுதான் சொல்றார், நான்தான்..."ன்னு இழுத்தே. நான் "சரிம்மா"ன்னு வெச்சுட்டேன். அடுத்த வருஷம்கற வார்த்தையை இந்த வீட்ல நான் ஏற்கெனவே ஒருத்தர் வாயில கேட்டிருக்கேன்.

சந்தேகம்தான்னு இருந்துடலாம்னு பாத்தேன். செவ்வாய்க்கிழமை வடக்குத்துல பஸ் ஸ்டாப்புல சம்பந்தியம்மாவைப் பாத்தேன். ரெண்டு கையில ரெண்டு பை, ஒண்ணுல பூசணிக்காய். ஓடிவந்து பஸ்ஸை நிறுத்தச் சொல்லி டிரைவரோட சண்டை போட்டுகிட்டிருந்தாங்க. "உடம்பு இப்ப எப்படி இருக்குங்க, மயக்கம் பரவாயில்லையா"ன்னு கேட்டேன். "மயக்கமா? எனக்கா? யாருங்க சொன்னா? பல்லு வலிக்கு ஊசி போட்டதோட சரி, வூட்டு வேலை பூரா நாந்தான் பாத்துகினு இருக்கேன்"னாங்க. அப்படித்தான் கேள்விப்பட்டேன்னேன். அவங்களுக்கு என்னமோ புரிஞ்சிருக்கும், சிரிச்சாங்க. "எங்க தம்பி சொல்லுச்சா? அது சின்னதுலேர்ந்து அப்படித்தானுங்க. அடம் புடிக்காது, அழாது. ஆனா அது நெனச்சது எப்படியோ நடந்துபூடும்." பெருமையாத்தான் சொன்னாங்க. அவங்களை ஏத்திகிட்டு பஸ் போயிடுச்சு. நான் சைக்கிளைப் பிடிச்சுகிட்டு அங்கேயே நின்னேன்.

அவர் கெட்டவர்னு நான் சொல்ல வரல. நானும் கெட்டவன் இல்லன்னுதான் இந்த நகரியமே சொல்லும். அதுதான் எனக்குப் பயம். அடிக்கறவனா இருந்தா நீ ஒரு நிமிஷத்துல தரையில போட்டுடுவே, எனக்குக் கவலையே இல்ல. உன்னைத் தள்ளாதவர்கிட்ட நீ என்ன பண்ணுவே? நீ பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறதை ஒரு சனிக்கிழமை வந்து ஓரமா நின்னு கேட்டேன். இழுத்தா விறைச்சுகிட்டு நிக்காதே, அந்தப் பக்கம் ஒரு எட்டு எடுத்து வெச்சு உன் கால் மேல வந்து நில்லுன்னே. அதையே செய்னுதான் கேக்கறேன். சனிக்கிழமை வரைக்கும் அந்தப் படிப்புக்குப் பதில் எழுத நேரம் இருக்குன்னு சொன்னே. "நான் போறேன், ஒரு வருஷம் கழிச்சுக் கல்யாணத்தை வெச்சுக்கலாம்"னு அவர்கிட்ட ஒரு தடவை சொல்லிப் பாரு. சொல்லிட்டு அவர் முகத்தைப் பாரு. "சரி போ"ன்னு அவர் நிஜமாவே நின்னா, நான் தப்பு, அவர் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கறேன். வேற யாருக்காவது திடீர்னு உடம்பு சரியில்லாம போனா, உனக்கே தெரிஞ்சுடும்.

இது வரைக்கும் புதன்கிழமை எழுதினது. இன்னிக்கு வெள்ளிக்கிழமை காலை. உங்கம்மாவுக்குச் சொல்லாம இதை உனக்கு அனுப்பினா அது இன்னொரு களவாணித்தனம்னு தோணிச்சு. நேத்து மத்தியானம் அவ முருங்கைக்கீரை உருவிகிட்டிருந்தா. எதிர்ல உக்காந்து நானும் ரெண்டு கொத்தை எடுத்துகிட்டு, "அன்னைக்குப் பாப்பாவுக்கு ஜுரம் இல்ல"ன்னேன். அவ கை நிக்கல.

"தெரியுங்க"ன்னா.

"என்ன தெரியும்?"

"நானும் தொட்டுப் பாத்தேனே. சுடல."

அப்புறம் ஏன் போகலன்னு கேட்டேன். கீரையை முறத்துல தட்டிட்டுச் சொன்னா: "பொய் சொல்லி நிறுத்தற அளவுக்கு உங்களுக்கு வேண்டாம்னு இருக்கு. அதை மீறிப் போயிட்டு வந்தா இந்த வீட்ல நான் எப்படி இருக்கறது? பயமா இருந்துச்சு. அதுக்கு ஜுரம்னே வெச்சுக்கலாம்னு விட்டுட்டேன்." அடுத்த கொத்தை எடுத்துகிட்டு, "ஜுரம் மட்டும் வராம இருந்திருந்தான்னு சொல்லுவேனே, ஒவ்வொரு தடவையும் உங்களைப் பாத்துத்தான் சொன்னேன். இன்னிக்காவது வாயைத் திறப்பீங்களான்னு. நீங்க பேப்பர் படிச்சீங்க"ன்னா.

நான் அழுதேன்னு எழுத வெக்கமா இருக்கு, அழுதேன். அவ அழல. இந்தக் கடிதத்தை வாங்கி, கண்ணாடி போட்டுகிட்டு முழுக்கப் படிச்சா. படிச்சுட்டு, "பொண்ணுக்குத் தெரியாதுன்னு நினைச்சா இவ்வளவும் எழுதினீங்க? ஆள் எந்தக் கால்ல நிக்கறான்னு பாக்கறதுதானே அவ தொழில்"னா. நீ ஏமாந்துட்டேன்னுதான் இத்தனை நாள் பயந்தேன். நீ அவர் சொன்னது பொய்னு தெரிஞ்சே "அடுத்த வருஷம்"னு சொல்லியிருந்தா? அவங்கம்மாகிட்ட நீயும்தான் போன்ல பேசி விசாரிச்சிருப்பே. உன் குரல் அன்னைக்கு இழுத்த இழுப்பு, இப்ப நினைச்சா, ஏமாந்தவ குரல் இல்ல. உங்கம்மா அன்னைக்குப் பீரோ மேல ஃபைலை வெச்சப்ப இருந்த குரல்.

தபால்ல போட்டா சனிக்கிழமைக்குள்ள கிடைக்காது, நானே எடுத்துகிட்டுப் போறேன்னு உங்கம்மா கிளம்பிட்டா. சென்னைக்குத் தனியா. கிளாம்பாக்கத்துல இறங்கி உன் ஹாஸ்டலுக்கு எந்த பஸ்ஸுன்னு பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கேட்டு ஒரு சீட்டுல எழுதி வாங்கி வெச்சிருக்கா. நானும் வரேன்னேன். "வேண்டாங்க. நீங்க வந்தா அவ உங்க முகத்தைப் பாப்பா"ன்னா. மூணாவது ஓலையை வாசிக்கச் சொல்றதா, நிறுத்தச் சொல்றதா, அதை நீதான் சாமியாருக்குச் சொல்லணும். நாங்க ரெண்டு பேரும் அவர்கிட்ட வாயைத் திறக்க மாட்டோம். நிறுத்தினா ஊர் என்ன சொல்லுமோ அதை நான் பாத்துக்கறேன், எனக்கு அது ஒரு வேலையா இருக்கட்டும்.

அவ வாசல்ல நிக்கறா, இந்தக் கடைசிப் பக்கத்துக்காக. அவ முகம் வெளிறித்தான் இருக்கு, நிஜமாவே. "உனக்கு ஒரு மாதிரி இருக்கே, வெயில் தாழப் போயேன்"னு என் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. வாயைப் பொத்திகிட்டேன். அக்கறையாச் சொல்ல வந்தேனா, பழைய புத்தியான்னு எனக்கே சொல்லத் தெரியல, பாப்பா. இந்த வயசுல என்னை நினைச்சு எனக்கே பயமா இருக்கு.

அவ வந்து உன் கதவைத் தட்டினப்ப, "அப்பா வரலியா"ன்னு மட்டும் நீ கேட்டிருக்கக் கூடாதேன்னு வேண்டிக்கறேன்.

அப்பா